பல இன நாட்டில் தேர்தல் அமைதியைக் கெடுக்குமா?

தம்பி, தேசியச் சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறப்பதற்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் தேர்தலுக்கு மேல் தேர்தல் நடந்தும் போர் வந்தது. சிங்கப்பூரில் கட்டுப்பாடு கூடுதலாக இருந்தும் அமைதி நிலைத்தது. அப்படியானால் பல இனம் வாழும் நாட்டுக்கு முதலில் அமைதி, ஜனநாயகம் பிறகு என்பதுதானே சரி? நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான். ஆனால் கடைசி வரியில் "நம்மைப் போன்ற சிறுபான்மையினருக்கு" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் இருக்கும் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில் நூற்றுக்கு ஒன்பது பேராக இருக்கிற இந்தியர்களாகிய நமக்கு ஓட்டுப்பெட்டி பாதுகாப்பா, ஆபத்தா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் அரசியலை ஒப்பிட்டுப் படித்தவன், தொடக்கக் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். சமாதானப் பேச்சுவார்த்தை எதிலும் உட்கார்ந்ததில்லை. படித்ததையும் இந்த ஊரில் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். பல இனங்கள் ஒரே நாட்டில் இருப்பதாலேயே சண்டை வருகிறது என்பது சரியில்லை. ஜேம்ஸ் ஃபியரனும் டேவிட் லைட்டினும் 1945க்குப் பிந்தைய உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். ஒரு நாட்டின் வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அங்கே எத்தனை இனம், எத்தனை மதம் என்பது போர் மூளும் வாய்ப்பைப் பெரிதாகக் கூட்டவில்லை என்று கண்டார்கள். ஏழ்மையும் பலவீனமான அரசும்தான் கூட்டின. உலகத்தில் அக்கம்பக்கமாக வாழும் இனங்களில் பெரும்பாலானவை பெரும்பாலான நாள்களில் கடை திறந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சும்மாதான் இருக்கின்றன.

சரி, இலங்கைக்கு வருவோம். "தேர்தல் நடந்தும் போர் வந்தது" என்று சொல்லிவிட்டால் நடந்ததில் பாதி மறைந்துபோகும். எந்தத் தொகுதியில் யாருடைய ஓட்டு இருந்தது என்று பார்க்கவேண்டும். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை பார்த்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய ஓட்டும் போனது. இதை நம்மவர்கள் ஒரு அநியாயமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், அநியாயம்தான். ஆனால் அது ஒரு அரசியல் கணக்கையும் மாற்றியது. மலைநாட்டில் தமிழர் சிங்களவரோடு கலந்து வாழ்ந்தார்கள். அங்கே ஒரு சிங்கள வேட்பாளர் ஜெயிக்க, தோட்டத்து ஓட்டையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். அந்த ஓட்டைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் கேட்கவேண்டிய அவசியம் போய்விட்டது. தொகுதிகளைப் பிரிக்கும்போது மட்டும் அந்த மக்களையும் மக்கள்தொகையில் எண்ணினார்கள். அதனால் மலைநாட்டுச் சிங்கள வாக்காளருக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. மிச்சமிருந்த தமிழ் ஓட்டில் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் தனித் தொகுதிகளில் இருந்தது. இரண்டு பெரிய சிங்களக் கட்சிகளும் மோதிக்கொண்ட தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் தமிழ் ஓட்டு இல்லை, அல்லது எண்ணிப்பார்க்கும் அளவுக்கு இல்லை.

அப்புறம் நடந்தது ஏலம். அதற்கு வேறு பேர் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் ஒரு விலை கூப்பிட, அடுத்தவர் அதற்கு மேல் கூப்பிடுகிறார். பண்டாரநாயக்காவின் கட்சி ஆரம்பத்தில் சிங்களம், தமிழ் இரண்டுக்கும் இடம் உண்டு என்றுதான் சொன்னது. ஐக்கிய தேசியக் கட்சியின் பிரதமர் கொத்தலாவலையும் யாழ்ப்பாணத்துக்குப் போய் இரண்டு மொழிக்கும் சம இடம் என்று பேசினார். 1956 தேர்தலுக்குள் இரண்டு கட்சியும் சிங்களம் மட்டும் என்பதற்கு வந்துவிட்டன. பண்டாரநாயக்கா ஜெயித்துச் சட்டம் கொண்டுவந்தார். மறு ஆண்டு ஜூலையில் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தமும் செய்தார். தமிழ்ப் பகுதிகளுக்கு வட்டாரச் சபை, நிர்வாகத்தில் தமிழ் என்று அதில் பல நல்ல அம்சங்கள் இருந்தன. உடனே எதிர்க்கட்சியிலிருந்து ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே கலவரம். 1965இல் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்தோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டபோது, அதை எதிர்த்துக் கூச்சல் போட்டது பண்டாரநாயக்காவின் கட்சி. ஆள்தான் மாறியது. சிறுபான்மைக்குப் பாதகமான சட்டம் செய்யக்கூடாது என்று அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அது மேலே சொன்ன எதையும் தடுக்கவில்லை. 1972இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருந்தார். மலாயா ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். சிங்களத் தேர்வு எழுதித் தேறினால்தான் சம்பள உயர்வு என்று வந்தபோது, பிள்ளைகள் படிக்கும் சிங்களப் பாடப்புத்தகத்தை வாங்கி இரவில் உட்கார்ந்து படித்திருக்கிறார். தம்பி இறந்த பிறகு அந்தப் புத்தகம் பெரியவரிடம் வந்து சேர்ந்தது. ஒருமுறை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் பென்சிலில் தமிழ் எழுத்து, நாற்பது வயது ஆளின் கையெழுத்து. பதினொன்றாம் பக்கத்துக்குப் பிறகு பென்சில் குறி இல்லை. "அதோட விட்டுட்டான்" என்றார் பெரியவர். ஒரு குடிமகன் தன் அரசாங்கத்தோடு உறவை எந்த இடத்தில் முறித்துக்கொள்கிறான் என்று பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினொன்றாம் பக்கம்தான் ஞாபகம் வரும்.

இப்போது பாக் நீரிணைக்கு மறுபக்கம் பாருங்கள். அதே 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்தியாவில் மொழிவாரி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்தன. நேருவுக்கு அதில் முதலில் விருப்பமில்லை. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் இறந்த பிறகு இறங்கிவந்தார். 1965இல் இந்தி மட்டும் என்ற நிலை வந்தபோது தமிழ்நாடு கொதித்தது, உயிர்கள் போயின. ஆனால் டெல்லி பின்வாங்கியது, ஆங்கிலம் தொடர்ந்தது. தனிநாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க. 1963இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, 1967 தேர்தலில் ஆட்சியையே பிடித்தது. தோற்றவன் அடுத்த முறை ஜெயிக்கலாம் என்ற கதவு திறந்திருந்தது. இலங்கையிலும் 1977 தேர்தலில் தமிழர் கட்சி நாடாளுமன்றத்தின் பிரதான எதிர்க்கட்சியாகவே வந்தது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அறை இல்லை. ஆறே ஆண்டில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் வந்தது. இந்தியாவை நான் முன்மாதிரியாகக் காட்டவில்லை. பஞ்சாப், காஷ்மீர், 2023 முதல் மணிப்பூர் என்று அங்கும் நீளமான கணக்கு இருக்கிறது. இரண்டு இடத்திலும் இருந்தது ஜனநாயகம்தான், விளைவு மட்டும் வேறு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது: ஜெயிக்க நினைக்கும் அரசியல்வாதிக்கு மற்ற இனத்தவரின் ஓட்டு வேண்டியிருக்கிறதா? வேண்டியிருந்தால் அவர் நாக்கை அடக்குவார். இந்தியக் கலவரங்களை ஆராய்ந்த ஸ்டீவன் வில்கின்சன் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். கட்சிகளுக்கு இடையே போட்டி கடுமையாகி, முஸ்லிம் ஓட்டு வெற்றியைத் தீர்மானிக்கும் மாநிலங்களில் அரசாங்கம் போலீசை விட்டுக் கலவரத்தைச் சீக்கிரம் அடக்கியது. போலீசுக்குத் திறமை எல்லா இடத்திலும் இருந்தது, உத்தரவுதான் சில இடங்களில் வரவில்லை.

பக்கத்து வீடான மலேசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்தன, பிறகு இந்தியர் காங்கிரசும் சேர்ந்தது. 1955 பொதுத்தேர்தலில் 52 இடங்களில் 51 அவர்களுக்கே. ஒருவர் ஓட்டு மற்றவருக்குப் போனது. 1969 மே 10ஆம் தேதித் தேர்தலில் இரண்டு பக்கத்துத் தீவிரக் குரல்களும் அந்தக் கூட்டணியின் ஓட்டை அரித்தன. மூன்றாம் நாள் கலவரம். அதிகாரபூர்வக் கணக்கில் 196 பேர் இறந்தார்கள், நாடாளுமன்றம் 1971 வரை கூடவில்லை. ஓட்டைச் சேர்த்துக் கட்டும் கயிறு எவ்வளவு பலமானது, எங்கே அறுகிறது, இரண்டையும் அங்கே பார்க்கலாம்.

அறிஞர்களுக்குள் சண்டை தீராத இடம் ஒன்று உண்டு, அதை உறுதி போலச் சொல்ல மாட்டேன். அரெண்ட் லைப்ஹார்ட் வழி ஒன்று: ஒவ்வொரு இனத்துக்கும் ஆட்சியில் பங்கு, சொந்த விஷயங்களில் தன்னாட்சி, பெரிய முடிவுகளில் மறுப்புரிமை. டொனால்ட் ஹோரவிட்ஸ் வழி இன்னொன்று: பங்கு பிரித்துக்கொடுத்தால் பிரிவு இறுகிவிடும், ஆகவே இனம் தாண்டி ஓட்டுக் கேட்க வைக்கும் தேர்தல் விதியைப் போடு. முதல் வழிக்கு பெல்ஜியம் சாட்சி. 541 நாள் அரசாங்கம் அமைக்க முடியாமல் தவித்தார்கள், யாரும் யாரையும் அடிக்கவில்லை. வட அயர்லாந்தில் 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகு பங்கு பிரித்து அமைத்த அரசாங்கம் பலமுறை முடங்கியும் பழைய போர் திரும்பவில்லை. லெபனான் அதே வழியின் எதிர்ச்சாட்சி. 1932 கணக்கெடுப்பை வைத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்று இடம் பிரித்தார்கள். அதன்பின் மக்களை எண்ணவே பயந்தார்கள். 1975 முதல் 1990 வரை போர். அதற்குப் பிறகும் சரிபாதிப் பங்கு வந்ததே தவிர கணக்கெடுப்பு வரவில்லை. போஸ்னியாவில் மூன்று பெரிய இனங்களுக்கும் ஒவ்வொரு அதிபர் என்று வைத்ததால், ஒரு யூதரும் ஒரு ரோமா இனத்தவரும் அதிபர் பதவிக்குப் போட்டியிடவே முடியவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாகுபாடு என்று 2009இல் தீர்ப்புச் சொன்னது. என் சாய்வு இப்படி: ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது பங்கு பிரிப்புதான் வழி, ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் யாரையும் நம்பி ஓட்டுப் போட மாட்டார்கள். ரத்தம் நின்ற பிறகும் அதே ஏற்பாட்டை அப்படியே வைத்திருப்பது நல்லதில்லை. இது என் சாய்வுதான்.

"முதலில் அமைதி, பிறகு ஜனநாயகம்" என்பதற்கு ஆதாரம் காட்டுபவர்கள் ஓர் ஆய்வைச் சொல்வார்கள். முழுச் சர்வாதிகாரத்திலும் முழு ஜனநாயகத்திலும் உள்நாட்டுப் போர் குறைவு, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அரைகுறை ஆட்சிகளில்தான் அதிகம் என்று 2001இல் வெளிவந்தது. வகுப்பில் நானும் பல ஆண்டு அதைச் சொல்லிக்கொடுத்தேன். 2008இல் ஜேம்ஸ் வ்ரீலண்ட் ஒரு ஓட்டையைக் காட்டினார். எது "நடுத்தர" ஆட்சி என்று குறிக்கும் அளவுகோலிலேயே அரசியல் வன்முறை ஓர் அங்கமாகக் கலந்திருந்தது. வன்முறை உள்ள நாட்டை நடுவில் வைத்துவிட்டு, நடுவில் வன்முறை அதிகம் என்று சொன்னால் என்ன செய்வது? அதன்பிறகு அந்தப் பாடத்தைத் திருத்திக்கொண்டேன். ஆட்சிமாற்ற நேரம் ஆபத்தானது என்பது மட்டும் சந்தேகமில்லாமல் நிற்கிறது. ஆப்பிரிக்காவின் புருண்டியில், பெரும்பான்மை இனமான ஹுட்டுகளிலிருந்து 1993 ஜூனில் முதல் ஹுட்டு அதிபராக மெல்கியோர் இண்டடாயே தேர்தலில் ஜெயித்தார். அக்டோபரில், சிறுபான்மைத் துட்சிகளின் பிடியில் இருந்த ராணுவத்தினர் அவரைக் கொன்றார்கள், பல ஆண்டுப் போர் தொடங்கியது. தேர்தலில் எல்லாம் மாறியது, துப்பாக்கி மட்டும் பழைய கையில் இருந்தது. பிறகு வந்த ஏற்பாட்டில் ராணுவத்தில் எந்த இனமும் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தார்கள்.

அடக்கி வைத்தால் அமைதி வரும் என்பவர்கள் மியன்மாரைப் பார்த்தாலே போதும். சிறுபான்மை மாநிலங்கள் கூட்டாட்சி கேட்கின்றன, நாடு உடைந்துவிடும் என்று சொல்லி 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கரென், கச்சின், ஷான் பகுதிகளில் துப்பாக்கிச் சத்தம் இன்றுவரை ஓயவில்லை. ஓட்டையும் எடுத்துவிட்டார்கள், அமைதியும் வரவில்லை.

இனி நம் ஊர். இங்கே அமைதி கட்டுப்பாட்டால் மட்டும் வந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்தல் போட்டி இங்கேயும் தீமூட்டியிருக்கிறது. 1964 ஜூலை 21 கலவரத்துக்கு முந்தைய மாதங்களில், மலாய்க்காரர் ஓட்டு யாருக்கு என்ற கட்சிப் போட்டிதான் இனப்பேச்சாக மாறியிருந்தது. ஜூலையில் 23 பேர், செப்டம்பரில் 13 பேர் இறந்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது, கேலாங் சிராய் பக்கத்தில் ஒரு கம்பத்தில், அதாவது கிராமக் குடியிருப்பில், இருந்தோம். தொகுதிதோறும் நல்லெண்ணக் குழு அமைத்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த என் அப்பா, மலாய்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், ஊரே அவரை "சிக்கு" என்றுதான் கூப்பிடும், மளிகைக்கடைத் தவுக்கே (சீன முதலாளி), மூன்று பேரும் ஊரடங்கு தொடங்கும் முன் சந்து சந்தாக ஒன்றாக நடந்து வருவார்கள். ஒருநாள் மாலை பக்கத்துக் கம்பத்திலிருந்து பாராங்கத்தியோடு ஆள் வருகிறார்கள் என்று புரளி. சிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அரைமணி நேரத்தில் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னார்: அவர்களும் சந்து முனையில் கட்டையோடு நிற்கிறார்கள், நாம் வருகிறோம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த சட்டங்கள் உங்களுக்குத் தெரியும். 1988 முதல், ஒரு சிறுபான்மையினராவது உள்ள அணியாகப் போட்டியிடவேண்டிய குழுத்தொகுதி, 1989 முதல் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் புளோக்குக்குப் புளோக் ஒவ்வொரு இனத்துக்கும் உச்ச விகிதம் வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை, 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம். வீட்டுக் கொள்கையைச் சிறுபான்மையினர் வலியோடுதான் சுமக்கிறார்கள். சீனர் விகிதம் நிறைந்துவிட்ட புளோக்கில் ஓர் இந்தியர் வீட்டை விற்கப்போனால், வாங்க வரக்கூடியவர்களில் பெரும்பகுதி வாசலிலேயே தடுக்கப்படுகிறார்கள், விலை இறங்குகிறது. அது உண்மையான நஷ்டம், அதைச் சின்ன விஷயம் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் இலங்கையில் நடந்ததன் நேர் எதிர்ச்செயல் அது. ஒரே இனம் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதி இங்கே உருவாகாமல் தடுக்கிறது.

குழுத்தொகுதி விஷயத்தில் என் மனம் இரண்டாக நிற்கிறது. அது இல்லாவிட்டால் சிறுபான்மை வேட்பாளர் ஜெயிக்க முடியாது என்பது அரசாங்கத்தின் வாதம். ஆன்சன் தொகுதி 1961இல் யூதரான டேவிட் மார்ஷலைத் தேர்ந்தெடுத்தது, 1981இல் ஜே.பி. ஜெயரத்னத்தைத் தேர்ந்தெடுத்தது. 2016இல் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதியில் முரளி பிள்ளை ஜெயித்தார். 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாங்கினார். ஆகவே "முடியாது" என்பது தவறு. "எப்போதும் முடியும்" என்பதற்கும் இந்த நான்கு பேர் போதாது. சிங்கப்பூரில் எந்த ஏற்பாடு எவ்வளவு பலன் தந்தது என்று தனித்தனியாகப் பிரித்து அளக்கவும் முடியாது. வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, ஊர் சின்னது, எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன. ஒரே ஒரு ஊரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுதக்கூடாது.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சீனர்கள் நூற்றுக்கு எழுபத்துநான்கு பேர். கணக்குப்படி பார்த்தால் ஒரு கட்சி அவர்கள் ஓட்டை மட்டும் கேட்டே ஜெயிக்கலாம். ஜெயிக்க முடியாமல் இருப்பது ஏன்? அந்த எழுபத்துநான்கும் ஒரே பக்கம் போவதில்லை. அல்ஜுனிட் குழுத்தொகுதி 2011இலும் புதிதாக அமைந்த செங்காங் 2020இலும் எதிர்க்கட்சிக்குப் போனபோது, நெருங்கிய போட்டியில் ஒவ்வொரு தாளும் எடை பெற்றது. தொகுதிதோறும் கலந்து வாழ்வதும், பெரும்பான்மைக்குள் உண்மையான போட்டி இருப்பதும் சேரும்போது நம் ஒன்பது பேரின் ஓட்டுக்கு மதிப்பு வருகிறது. போட்டி மட்டும் இருந்து கலப்பு இல்லாவிட்டால் கொழும்பின் ஏலம் வரும். கலப்பு மட்டும் இருந்து போட்டி இல்லாவிட்டால் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருபவர் மரியாதைக்காக வருவார், தேவைக்காக வரமாட்டார். பல்கலைக்கழகத்தில் இதைப் படிக்கப்போகிறீர்கள் என்றால் இலங்கையின் 1947, 1952 தேர்தல் முடிவுகளை மலைநாட்டுத் தொகுதிவாரியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் மேலே சொன்னது முழுவதும் அந்த இரண்டு பட்டியலுக்கு நடுவில் இருக்கிறது.